முத்தையன்கட்டுப் பக்கத்தில் ஒரு வீட்டுத் தங்குமிடம்: விருந்தினர் மதிப்பீடு

ஒரு பகுதிக்குப் புதிதாக வருகிறவர் அங்கே மனம் ஒட்டி நிற்பதும், படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவதும், அந்த மக்கள் தமக்கென்று செய்துகொள்கிறவற்றில் எவ்வளவை அவருக்கும் திறந்துவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பதே என் எண்ணம். கடற்கரையும் பழைய கோவிலும் இலங்கையின் பெரும்பாலான மாவட்டங்களில் உண்டு. நாட்டின் வடக்கே முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போகும் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம் நடத்திவரும் வீட்டுத் தங்குமிடத்தை இந்த அளவுகோலைக் கொண்டே இங்கு மதிப்பிடுகிறேன். அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தெரிந்தவர் சொல்லி, தொலைபேசியில் பேசி வருகிறவர்களை மட்டுமே அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதால், அடையாளம் எதையும் எழுதாமல் விடுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே விரியும் வன்னியில் இத்தகைய வீடுகள் இப்போது ஆங்காங்கே தொடங்கப்படுகின்றன. அவற்றை நடத்த நினைப்பவர்களுக்கும் அங்கே தங்க நினைப்பவர்களுக்கும் இந்த வீட்டின் நிறைகளும் குறைகளும் பயன்படும்.

போய்ச் சேருவது கடினமன்று. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ரயிலில் வருபவர்கள் மாங்குளத்தில் இறங்கி, முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் ஒட்டுசுட்டானுக்கு வந்துவிடலாம். அங்கிருந்து வீட்டுக்காரரே மோட்டார் சைக்கிளிலோ தெரிந்த ஓட்டோக்காரர் மூலமோ அழைத்துப் போவார். சொந்த வாகனத்தில் கண்டி-யாழ்ப்பாணம் ஏ-9 வீதியால் வருபவர்கள் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் பொழுது சாய்வதற்கு முன்னரே பிரதான வீதியை விட்டுத் திரும்பிவிடுவது நல்லது. இருட்டிய பிறகு உள்வீதிகளில் யானை நிற்கும். இதை வீட்டுக்காரர் தொலைபேசியிலேயே ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லிவிடுகிறார்.

அறைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகளைக் கட்டியிருக்கிறார்கள். நிலம் மாபிள் பதித்தது, கட்டில் உறுதியானது, நுளம்பு வலை கிழியாதது, குளியலறை துப்புரவானது. கூரைத் தகடு பகல் வெப்பத்தை இரவு வெகுநேரம் வரை விடாமல் வைத்திருப்பதால், வைகாசி முதல் ஆவணி வரை அறைக்குள் மின்விசிறி சுழன்றும் பயனில்லை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் தீர்வு முற்றத்தில் வேப்பமரத்தின் கீழ் நிற்கும் கிடுகுக் கொட்டில். பகலில் குடும்பம் முழுவதும் இருந்து கச்சான் உடைப்பதும் உளுந்து புடைப்பதும் அங்கேதான். விருந்தினர் அங்கே பாய் விரித்துக்கொள்ளலாம். அறைக்கு வாங்கும் பணத்தைவிட அந்தக் கொட்டிலுக்குக் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்; அவர்கள் அதை ஒரு வசதியாகவே கருதவில்லை என்பதுதான் வேடிக்கை.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். முதல் நாள் இரவு மேசைக்கு வந்தது பிரைட் ரைசும் காரமாகப் பிரட்டிய கோழியும். வெளியூரார் இதைத்தான் விரும்புவார்கள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மோசமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதே சாப்பாடு வவுனியா பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகள் எல்லாவற்றிலும் கிடைக்கும். குசினிக்குள் எட்டிப் பார்த்தபோது, வீட்டுக்காரர்கள் தமக்கென்று அவித்த சிவப்பரிசிப் புட்டும் விரால் மீன் குழம்பும் அடுப்படியில் இருந்தன. 'நீங்கள் சாப்பிடுவதையே எங்களுக்கும் தாருங்கள்' என்று கேட்ட பிறகு, மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டின் உண்மையான சமையல் மேசைக்கு வரத் தொடங்கியது. இங்கே தங்கப் போகிறவர்கள் இந்த ஒரு வசனத்தைத் தொலைபேசியில் பேசும்போதே சொல்லிவிட வேண்டும்.

காலையில் குரக்கன் புட்டு அல்லது சிவப்பரிசிப் புட்டு, முருங்கையிலை வறை, இடித்த சம்பல். மதியத்துக்குச் சொந்த வயலில் விளைந்து, வீட்டிலேயே அவித்துக் காயவைத்து, ஊர் ஆலையில் குற்றிய அரிசிச் சோறு. தவிடு முழுவதும் போகாத அந்தச் சோற்றுக்கு, வெளியில் வாங்கும் தீட்டிய அரிசியில் கிடைக்காத ஒரு வாசனை உண்டு. குளத்து மீனில் விராலும் ஜப்பான் மீனும் (திலாப்பியா) மாறிமாறி வரும். நந்திக்கடல் நீரேரியின் இறால் கிடைக்கும் நாளில் முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியோடு வரும் வியாபாரி படலையடியில் ஹோர்ன் அடிப்பார். அன்றைக்குத் திட்டமிட்ட கறி எதுவானாலும் மாறிவிடும். இந்த இறாலைப் பற்றி யாழ்ப்பாணத்தார் உட்பட எல்லோரும் பெருமையாகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இந்த வீட்டில் அதற்குத் தேங்காய்ப்பால் விடுவதில்லை. மிளகாய்த்தூள், உள்ளி, பழப்புளி, கடைசியில் ஒரு பிடி முருங்கையிலை, அவ்வளவுதான். இறாலின் இனிப்பு மேலே நிற்கும். பின்னர் பக்கத்து வளவு எருமைப்பாலில் உறைய வைத்த சட்டித் தயிர், கரண்டியால் வெட்டி எடுக்கும் பதத்தில். அதன் மேல் காட்டுத்தேன்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் போகிறவர்களுக்குப் பாலைப்பழமும் வீரைப்பழமும் கிடைக்கும். பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு, கழுவினாலும் போகாது. தேங்காயெண்ணெய் பூசித்தான் எடுக்கவேண்டும். ஏ-9 வீதியோரத்தில் சிறு பைகளில் கட்டி விற்கும் இந்தப் பழங்களைத் தாண்டிப் பல ஆண்டுகளாகப் பயணம் செய்தவர்களில் பலர் அவற்றைச் சுவைத்ததே இல்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போவதோடு வன்னி அவர்களுக்கு முடிந்துவிடுகிறது. ஒரு நிலத்தை வெறும் வழியாக வைத்திருப்பவர்களுக்கு அதன் சுவை வாய்ப்பதில்லை.

சமையலில் உதவிக்கு வரும் அயல்வீட்டு அம்மா ஒருவர் மாலையில் சுடும் ரொட்டியையும், நன்றாகக் கொதிக்கவிட்டு ஆற்றி ஊற்றும் தேநீரையும் தனியாகச் சொல்லியாகவேண்டும். அவருடைய குடும்பம் தமிழருக்கு எதிரான 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு மலையகத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வன்னிக்கு வந்தது. அவரது ரொட்டி இன்று அந்தக் குசினியில் விருந்தாளியின் பதார்த்தமாக இல்லை. வீட்டுக்காரரின் பிள்ளைகள் அதைத் தங்கள் வீட்டு ரொட்டி என்றே சொல்கிறார்கள். புதியவர்களை ஈர்க்கும் பகுதி எது என்று கேட்டால் பலரும் கலை, கைவினை, இசை என்று தொடங்குவார்கள். வந்தவர் கொண்டுவந்த உணவு எத்தனை ஆண்டுகளில் அந்த ஊரின் உணவாகிறது என்று பார்ப்பதே எனக்கு நம்பகமான அடையாளமாகத் தெரிகிறது.

இந்த நோக்கில் வன்னிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. கிளிநொச்சி நகரமே 1936 இல், யாழ்ப்பாணத்தின் சன நெருக்கடியைக் குறைப்பதற்காகத் தொடங்கப்பட்ட குடியேற்றத் திட்டத்திலிருந்து வளர்ந்தது. பின்னர் குளங்களைச் சுற்றிய பிற குடியேற்றங்களும், வன்செயல்களால் விரட்டப்பட்டு வந்த மலையகக் குடும்பங்களும், 1995 இடப்பெயர்வில் கடல்நீரேரியைக் கடந்து வந்த யாழ்ப்பாணத்தாரும் சேர்ந்தார்கள். முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான் போன்ற பழைய ஊர்களின் பூர்வீகக் குடிகளும் இவர்களும் எப்போதும் இணக்கமாகவே இருந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். காணி, சாதி, பிரதேசம் என்று எல்லாப் பிணக்குகளும் இருந்தன, இன்னும் இருக்கின்றன. ஆயினும், 'எந்த இடம் தம்பி?' என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்ட பிறகும் கதையை நிறுத்தாத ஒரு பழக்கம் இங்கே வேர்விட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அதே கேள்வி பெரும்பாலும் ஆளை எடைபோடுவதற்காகக் கேட்கப்படும். (யாழ்ப்பாணத்து வாசகர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.)

இந்த வீடு வழங்கும் சேவைகளில் மிகச் சிறந்தது, வீட்டுக்காரரோடு அதிகாலையில் குளக்கட்டில் நடப்பது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அவர் எப்படியும் தண்ணீர் பார்க்கப் போவார், நீங்களும் கூடப் போகலாம். முத்தையன்கட்டு முல்லைத்தீவு மாவட்டத்தின் பெரிய குளங்களில் ஒன்று. கட்டின் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் துருசிலிருந்து (மதகு) பிரியும் வாய்க்கால்களும் வயலும் மேட்டுநிலத் தோட்டங்களும். வழிகாட்டிகள் வழக்கமாகச் சொல்லும் ஆண்டுகளையும் அரசர்களையும் அவர் சொல்வதில்லை. கோடைகாலப் பயிர்ச்செய்கையான சிறுபோகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளத்தில் நிற்கும் நீரின் அளவை வைத்து இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவனுக்கு ஏன் எப்போதும் வயிற்றெரிச்சல், இரவில் மடையை மாற்றிக் கட்டுபவனை ஊர் எப்படிக் கையாள்கிறது என்பவற்றைச் சொல்லிக்கொண்டு வருவார். ஒரு மணித்தியாலம் அந்தக் கட்டில் நடந்தால், வன்னியின் சமூக ஒழுங்கு எதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

எப்போது வரலாம் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில்: 'வெய்யிலுக்கை வந்து என்னத்தைப் பாக்கப் போறியள்? வான் பாயேக்கை வாங்கோ.' கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை பெய்து குளம் நிரம்பி, மேலதிக நீர் வழிந்து வான் பாயும் நாள்களில் ஊரே குளக்கட்டுக்கு வந்துவிடும். மீன் பிடிப்பவர்கள், குளிப்பவர்கள், சும்மா பார்க்க வந்தவர்கள், கச்சான் விற்பவர்கள் என்று அது ஒரு திருவிழாவாகிவிடும். சுற்றுலாத் துறை மழைக்காலத்தை வியாபாரமில்லாத காலம் என்று கணக்கிடுகிறது. ஊருக்கு அதுதான் உயிர்ப்பான காலம். இந்த முரண்பாட்டில் இந்த வீடு ஊரின் பக்கம் நிற்கிறது. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை. அப்போது வந்தால் வீட்டில் யாருக்கும் உங்களைக் கவனிக்க நேரமிருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் அருவி வெட்டும்போது (கதிர் அறுக்கும்போது) சிந்து பாடினார்கள், சூடு மிதிக்க எருமைகளை விட்டார்கள். இப்போது இயந்திரம் வந்து பொழுது சாய்வதற்குள் வெட்டித் தூற்றிப் பையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதை மறைத்து, விருந்தினருக்காகக் கையில் அரிவாளோடு படம் எடுக்க ஏற்பாடு செய்யாதது இந்த வீட்டின் பெரிய மரியாதை.

வைகாசியில் வருபவர்களுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். இதைப் புதியவர்களுக்கு விளக்குவதில் வீட்டுக்காரரின் மனைவிக்கு நிகரானவர் இல்லை. பாக்குத் தெண்டலோடு (பாக்குச் சேகரித்தல்) சடங்குகள் தொடங்குவதும், முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலுக்குக் கொண்டுவருவதும், அந்தக் கடல்நீரில் அங்கே விளக்கெரிவதும், அடுத்த திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்குவதும் என்று ஒவ்வொன்றையும் யார் யாருடைய உரிமை, எந்தப் பாதை, எந்த நேரம் என்ற விபரத்தோடு சொல்வார். 'கடல்நீரில் எப்படி விளக்கு எரியும்?' என்று கேட்ட ஒரு வெளிநாட்டு விருந்தினருக்கு, 'எரியுது பிள்ளை, வந்து பார்' என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லையாம். பொங்கலன்று இந்த வீட்டிலிருந்து சிறப்பு வாகனமோ சிறப்பு இருக்கையோ கிடையாது. அயலார் போகும் லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்திலோ பஸ்ஸிலோ அவர்களோடு போய், சனத்துக்குள் நின்று, இரவு முழுவதும் விழித்திருந்து வரவேண்டும். எல்லோராலும் இது முடியாது; முடிந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அறிமுகம் வேறில்லை.

இவ்வளவு பாராட்டிய பிறகு, இந்த வீடு சறுக்கும் இடத்தையும் சொல்லவேண்டும். அண்மைக் காலமாக, வெளிநாட்டிலிருந்து குழுவாக வருகிறவர்கள் கேட்டுக்கொண்டால் 'கலாசார மாலை' ஒன்றை ஏற்பாடு செய்கிறார்கள். வாசலில் வாழைமரம், பெண்பிள்ளைகள் ஒரே நிறச் சேலையில், வருகிறவர் கழுத்தில் மாலை, ஒலிபெருக்கியில் தென்னிந்தியத் திரைப்பாட்டு, அதன் பிறகு கோவலன் கூத்திலிருந்து சில துண்டுகள், கடைசியில் பபே சாப்பாடு. நான் பார்த்த மாலையில் கூத்து எப்போது முடிந்தது என்றே கூட்டத்தில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. கைபேசியில் படம் எடுத்தவர்கள் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து வற்றாப்பளை அம்மன் வழிபாட்டோடும் அந்த ஊர்களின் அண்ணாவிமார் (கூத்து ஆசான்கள்) மரபோடும் பிணைந்தது. ஒரு இரவு முழுவதும் கதை நகர்ந்து, கோவலன் வெட்டுப்படும் இடத்தில் விடியும் நேரமாகி, பார்த்திருக்கும் பெண்கள் கண் துடைத்துக்கொள்வதற்காக அமைந்த ஆட்டத்தை, இரண்டு வரவுப்பாட்டும் ஒரு தருக்கமுமாக வெட்டித் தருவதில் எவருக்கு என்ன இலாபம்?

இதை வீட்டுக்காரரின் மகளிடம் கேட்டேன். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, இந்த வீட்டின் கணக்கையும் முன்பதிவையும் பார்த்துக்கொள்ளும் அவர் கொடுத்த பதில் எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. ஊரில் முழு இரவுக் கூத்து எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மேடையேறுகிறது, மத்தளம் அடிப்பவருக்கு அந்த ஆண்டுகளில் யார் சோறு போடுவது, தன் மகன் கூத்துப் பழகினால் கையில் நாலு காசு வரும் என்று தெரிந்தால்தானே தகப்பன் விடுவான் என்று அவர் கேட்டார். கலைஞருக்குப் பணம் போகவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பணத்தைத் துண்டாட்டத்துக்குக் கொடுப்பதைவிடப் பழக்கத்துக்குக் கொடுக்கலாம்: மாரி முடிந்த மாதங்களில் அண்ணாவியார் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் கூத்துப் பழகும் இரவுகளில் விருந்தினரைப் பாயில் இருத்தி, அதற்கு ஒரு கட்டணம் வாங்கி அண்ணாவியாரிடமே கொடுத்தால், பிழைவிடுவதும் திருத்துவதும் ஏசுவதும் சிரிப்பதுமாக அந்தக் கலை எப்படிக் கைமாறுகிறது என்பதை வந்தவர் காண்பார். இந்த யோசனையை அவர் மறுக்கவில்லை; குழுவாக வருகிறவர்கள் அவ்வளவு நேரம் பொறுத்திருக்கமாட்டார்கள் என்றார். அதுவும் உண்மைதான்.

போரைப் பற்றி வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்காமல் இருப்பது செயற்கை. போர் முடிந்த பின்னான ஆண்டுகளில், தெற்கிலிருந்து பஸ்களில் வந்தவர்களுக்குச் சரிந்து கிடந்த கிளிநொச்சி நீர்த்தாங்கியும், வெற்றிச் சின்னங்களும், கைப்பற்றப்பட்ட கலங்களும்தான் வன்னி என்று காட்டப்பட்டன. அந்த வகைச் சுற்றுலாவில் அந்த மண்ணில் குடியிருந்தவர்களுக்கு எந்தப் பாத்திரமும் இருக்கவில்லை. இந்த வீடு அதற்கு நேரெதிரான வழியொன்றைப் பின்பற்றுகிறது. போர் நடந்த இடங்களுக்கு அழைத்துப் போகும்படி கேட்டால் மறுத்துவிடுவார்கள். தாமாக அந்தக் கதையைத் தொடங்கவும் மாட்டார்கள். ஆனால் மே மாதத்தில், மற்ற வீடுகளைப் போலவே இங்கும் போரின் இறுதி நாள்களின் நினைவாக உப்பிட்ட அரிசிக் கஞ்சி காய்ச்சுகிறார்கள், அன்றைக்கு வீட்டில் இருக்கும் விருந்தினருக்கும் அதில் ஒரு கோப்பை உண்டு. ஏன் என்று கேட்டவருக்குச் சொல்கிறார்கள். கேட்காதவரை விட்டுவிடுகிறார்கள். புதியவர்களைக் கையாள்வதில் நான் எங்கும் கண்ட மிகப் பக்குவமான நடத்தை இது.

பழைய வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு, 1803 ஒக்ரோபர் 31 இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததைக் குறிக்கும் கல் நாட்டப்பட்ட கற்சிலைமடுவும், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோவிலும் அருகிலேயே உள்ளன. தோற்கடித்தவர்கள் நாட்டிய கல்லைத் தோற்றவனின் பெருமைக்கான இடமாக ஊர் மாற்றிக்கொண்டதை வீட்டுக்காரர் நல்ல நகைச்சுவையோடு சொல்வார். மடுமாதா கோவிலும் மன்னார்ப் பக்கமும் இங்கிருந்து தூரம். ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கமே தங்குவது நல்லது.

இனி, விடுமுறைக்கு வருவதைத் தாண்டி, வன்னியில் சில காலம் இருந்து வேலை செய்ய நினைக்கும் இளையவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் இந்த வீடு மாத வாடகைக்கும் ஓர் அறையைக் கொடுக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல், விவசாய பீடங்கள் வந்ததும், 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானதும், நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்களையும் விரிவுரையாளர்களையும் இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கின்றன. அவர்களில் சிலர் வார இறுதிகளில் இந்த வீட்டுக்கு வருகிறார்கள். சிங்களம் பேசும் மாணவர்களோடு வீட்டுக்கார அம்மா கையாலும் முகத்தாலும் நடத்தும் உரையாடலைப் பார்ப்பதே ஒரு தனி இன்பம். ஆனால் மாலை ஏழு மணிக்குப் பிறகு பஸ் இல்லை. இருந்து கதைக்க ஒரு தேநீர்க்கடை, இரவு வரை திறந்திருக்கும் ஒரு நூலகம், படம் பார்க்க ஓர் இடம் என்று எதுவும் அயலில் கிடையாது. ஊரின் இளையவர்களே கொழும்புக்கும், மத்திய கிழக்குக்கும், வழி கிடைத்தால் ஐரோப்பாவுக்கும் போய்விட நினைக்கும்போது, வெளியூர் இளையவர்கள் எதை நம்பி வந்து தங்குவார்கள்? இந்தக் குறைக்கு ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக்க முடியாது. இருந்தாலும் மாத வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே எடுக்கவேண்டும். கைபேசி இணையம் முற்றத்தில் நன்றாகவும் அறைக்குள் மந்தமாகவும் இருக்கிறது.

சில்லறைக் குறைகளும் உண்டு. கிணற்று நீர் கல்லுத்தன்மை கூடியது. குளித்தால் தலைமுடி வைக்கோலாகிவிடும், குடிப்பதற்கு வடிகட்டிய நீரைப் போத்தலில் வைக்கிறார்கள், அது போதாதபோது கேட்கவேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்களுக்கு ஒரு விலை, உள்நாட்டாருக்கு ஒரு விலை என்ற வழக்கம் இங்கும் இருக்கிறது. இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எவரும் குறை நினைக்கமாட்டார்கள், ஆனால் அவர்கள் ஆளைப் பார்த்த பிறகே விலை சொல்கிறார்கள். மது அருந்த அனுமதியில்லை என்பதை முன்பதிவின்போது சொல்லாமல் வந்த பின் சொல்வது சில விருந்தினரோடு மனக்கசப்பை உண்டாக்கியிருக்கிறது. காலையில் வாய்க்காலுக்கோ காட்டுக்கரைக்கோ தனியே நடக்க விரும்புகிறவர்களுக்கு எந்தப் பாதை பாதுகாப்பானது என்று எழுதி ஒட்டியிருக்கலாம். யானைக்காக மட்டுமன்றி, பழைய வெடிபொருள்கள் பற்றிய எச்சரிக்கை இன்னும் முழுவதும் நீங்காத மாவட்டம் என்பதற்காகவும் இது தேவை.

விலை நியாயமானது, மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்தாலும் ஏ-9 வீதியோரத்து நடுத்தர விடுதியின் அறை வாடகையை எட்டாது. குளிரூட்டி இல்லாமல் தூங்க முடியாதவர்களுக்கும், ஒரே நாளில் மூன்று மாவட்டம் பார்க்க வேண்டும் என்ற பட்டியலோடு வருகிறவர்களுக்கும் இந்த வீடு ஒத்துவராது. சிறுபிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்கும், ஆய்வு மாணவர்களுக்கும், பெற்றோர் பிறந்த மண்ணை முதன்முறையாகப் பார்க்கவரும் புலம்பெயர் பிள்ளைகளுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கடைசியில் சொன்னவர்கள் குழுவாக வராமல் தனியாகவோ இருவராகவோ வந்து, கலாசார மாலை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டால் அதிகம் பெறுவார்கள். வைகாசிப் பொங்கலுக்கு அறை வேண்டுமென்றால் சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு பேசிவிடுங்கள். வான் பாயும் நாளைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாரி தொடங்கியதும் வீட்டுக்காரரோடு தொடர்பில் இருக்கவேண்டும்; நீர்மட்டம் ஏறும்போது அவரே அழைப்பெடுத்துச் சொல்வார், அதற்குப் பிறகு பையைக் கட்டினால் போதும்.